எந்தக் கட்டத்தில் நம் பெயர்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரசு நம்மிடம் கேட்பவை எளிய கேள்விகளே. பெயர் என்ன, வயது என்ன, தாய்மொழி எது, சமயம் எது? முதலிரண்டுக்கு விடை கூற எவரும் தயங்குவதில்லை. (வயதைச் சொல்லத் தயங்குவோர் உண்டு, அது வேறு கதை.) பின்னிரண்டும் அத்துணை எளியவை அல்ல.

2011 கணக்கெடுப்பில் இந்திய மக்கள் தம் தாய்மொழி என்று கூறிய பெயர்கள் 19,569. அவற்றை ஆய்ந்து, தொகுத்து, இறுதியில் 121 மொழிகள் என்று அரசு வெளியிட்டது. தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் கட்டட வேலைக்கு வந்திருக்கும் சார்க்கண்டு இளைஞர்களை நாம் 'இந்திக்காரப் பையன்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். திருப்பலிக்குப் பின் அருகில் சென்று கேட்டால்தான், ஒருவர் குடுக்கு என்பார், மற்றொருவர் சாத்ரி என்பார். சாத்ரியை அரசு இந்தியின் கீழ் சேர்த்துவிட்டது. குடுக்கோ, தமிழுக்கு உறவான திராவிட மொழி! நம் மொழிக்கு உறவான மொழியைப் பேசுபவரை நாமே இந்திக்காரர் ஆக்கிவிடுகிறோம்.

மொழிக் கட்டத்தில் நேர்வது பெரும்பாலும் அறியாமை. சமயக் கட்டத்தில் நேர்வது வேறு. 2011-இல் தமிழகத்தின் 7.21 கோடி மக்களுள் கிறிஸ்தவர் 44.18 இலட்சம், அதாவது நூற்றுக்கு 6.12 என்று கணக்கு வந்தது. இவ்வெண்ணில் இடம் பெறாத கிறிஸ்தவர் சிலர் நம் பங்குகளிலேயே உள்ளனர் என்பதை நாம் அறிவோம், வெளியில் பேசுவதில்லை.

காரணத்தையும் அறிவோம். 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதியினர் என்ற நிலையை இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் புத்த சமயத்தினரும் அதனுள் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இசுலாமியரும் இன்றளவும் வெளியே நிற்கின்றனர். தமிழகத்தில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். விலக்கப்பட்டோருக்கும் அந்நிலையை வழங்கலாம் என 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

ஆகவே, ஞாயிறுதோறும் நற்கருணை பெறும் ஒரு தந்தை, மகளின் கல்லூரி இடத்திற்காகச் சான்றிதழில் 'இந்து' என்று எழுதுகிறார். அவர் பொய்யரா? மறுதலித்தவரா?

குருமடத்தில் நாங்கள் கற்ற அறநெறி இயல் ஒரு வேறுபாட்டைக் காட்டும்: அச்சமும் நெருக்கடியும் குற்றத்தின் பொறுப்பைக் குறைக்கும்; செயலின் தன்மையை மாற்றா. இது சரியே. ஆயினும் போதாது. அச்சான்றிதழில் இரண்டு கூற்றுகள் உள்ளன: இன்ன குலத்தில் பிறந்து இழிவு சுமந்தவன் என்பது ஒன்று, இந்து என்பது மற்றொன்று. முன்னது உண்மை, பின்னது உண்மையன்று. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியது அரசு. பட்ட துன்பத்தைப் பற்றி உண்மை சொல்ல வேண்டுமானால் நம்பிக்கையைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய முடிச்சைப் போட்டவரின் பங்கையும் கணக்கில் கொள்ளாத அறநெறி எத்தகைய அறநெறி?

திருச்சபைக்கு இது புதிதன்று. கி.பி. 250-இல் தேசியு பேரரசன், அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றுச்சீட்டுப் பெற வேண்டுமென ஆணையிட்டான். பலியிடாமலேயே பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிய கிறிஸ்தவர் பலர் ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகரில் இருந்தனர். ஆயர் சிப்பிரியான் கண்டிப்பானவர். அது பாவம் என்றே சொன்னார். ஆனால் பலியிட்டவரையும் சீட்டு மட்டும் வாங்கியவரையும் ஒரே தராசில் அவர் நிறுக்கவில்லை. 251-இல் கூடிய ஆயர் மன்றம், ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து ஏற்க முடிவு செய்தது. அந்த ஆயரே 258-இல் இரத்தம் சிந்தி இறந்தார் என்பதால், அவருடைய இரக்கத்தைக் கோழைத்தனம் என எவரும் சொல்ல இயலாது.

இன்றைய தந்தைக்கு வேறோர் இடரும் உண்டு. உண்மையான நம்பிக்கையின்றி, இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து எனக் கூறுவது அரசமைப்பின் மீதான மோசடி என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நாம் அவரைக் கண்டிக்குமுன் நம் முற்றத்தையும் பார்க்க வேண்டும். திருமுழுக்கில் சாதி இல்லை என்று போதிக்கும் நம்மிடையே, சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூட இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. உள்ளே சாதியைக் காத்துக்கொண்டு, வெளியே சாதிச் சான்றிதழ் வாங்குபவரை மட்டும் பழிப்பது நேர்மையன்று.

எனினும் சான்றிதழ் வேறு, கணக்கெடுப்பு வேறு என்பதை நம் மக்கள் அறிய வேண்டும். 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின்படி, தனி மனிதர் தரும் விவரம் மறைவாகக் காக்கப்படும். அதைக் கொண்டு வருவாய்த் துறையினர் ஒருவரது சான்றிதழைப் பறிக்க இயலாது. கேட்கப்படுபவர் தாம் அறிந்தவாறும் நம்பியவாறும் விடை கூறக் கடமைப்பட்டவர் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு, சாதி விவரத்துடன் அறிவிக்கப்பட்டுள்ளது. அச்சத்தினால் அங்கும் 'இந்து' என்று சொல்வோமானால், தலித் கிறிஸ்தவர் எத்தனை பேர் என்று நாளை ஓர் ஆணையம் கேட்கும்போது காட்டுவதற்கு நம்மிடம் எண் இராது.

சான்றிதழைப் பொறுத்தவரை, அரசர் நூலில் வரும் சிரியத் தளபதி நாமானை நினைக்கிறேன். நோய் நீங்கி உண்மைக் கடவுளை ஏற்ற பின்னும், தன் அரசன் கைத்தாங்கலாகச் சாயும்போது ரிம்மோன் கோவிலில் தானும் தலைவணங்க நேரிடும் என்று அவன் இறைவாக்கினரிடம் முன்கூட்டியே மன்னிப்பு வேண்டினான். எலிசா அதை அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அமைதியுடன் போகச் சொன்னார். ஒப்புரவு அருட்சாதனத்தில் அத்தந்தை என்முன் முழந்தாளிடும்போது, அதற்கு மேல் சொல்ல எனக்கும் சொற்கள் இல்லை.