எனக்கென்ன வலி

பெரியப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். இரண்டாவது ஷிப்டு. முதல் ஷிப்டுக்காரர்கள் முடித்து, விரிப்பு மாற்றி, மெஷினைத் தயார் செய்கிற வரைக்கும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் சிஸ்டர் கையில் ஒரு ட்யூபோடு வந்தார். தோலை மரத்துப்போகச் செய்கிற களிம்பு. அந்த யூனிட்டில் அது எப்போதாவதுதான் கண்ணில் படும். யாராவது நன்கொடையாக வாங்கித் தந்தால் உண்டு. ட்யூபின் வால் நாலு மடிப்பாக மடிக்கப்பட்டிருந்தது.

“ஒரு கைக்குத்தான் வரும். அய்யா, உங்களுக்குப் போட்டுரட்டா?”

“எனக்கென்ன வலி, தாயி? அந்தப் பயலுக்குப் போட்டு விடுங்க.”

அந்தப் பயலுக்குக் காலேஜ் படிக்கிற வயசு. டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைக்கிற ஃபிஸ்டுலாவில் குத்த ஆரம்பித்து அதிக நாளாகவில்லை. அவன் அம்மா பெரியப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். “அய்யா நல்லாத் தாங்குவாங்க” என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் அவன் கையில் களிம்பைப் பிதுக்கினார்.

இதோடு போயிருந்தால் இது ஒரு நல்ல மனுஷனைப் பற்றிய கதை. உள்ளே கூப்பிட்டபோது நான் வழக்கம்போலத் தலைமாட்டில் நிற்க முடியவில்லை. பி.பி. பார்க்கிற ஸ்டாண்டு அங்கே நின்றதால் கால்மாட்டுக்குப் போனேன். டெக்னீசியன் முதல் ஊசியை ஏற்றினார். பெரியப்பாவின் முகத்தில் ஒன்றுமே இல்லை, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வேட்டி ஓரத்துக்கு வெளியே இடது கால் பெருவிரல் உள்ளங்காலைப் பார்த்து மடங்கியது. நகம் வெளுத்துப் போகிற அளவுக்கு மடங்கியது. இரண்டாவது ஊசிக்கும் அதே. பிளாஸ்திரி ஒட்டி, டியூப்களைப் பொருத்தி, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான் அது மெதுவாக நிமிர்ந்தது.

எத்தனை காலமாக அந்த விரல் இப்படி மடங்குகிறது? தலைமாட்டிலேயே நிற்கிறவனுக்கு முகம் மட்டும்தானே தெரியும்.

அந்த ஊசியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனைக்குக் குத்துவது போல இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ரத்தத்தை வெளியே எடுக்க ஒன்று, சுத்தம் செய்ததைத் திருப்பி அனுப்ப ஒன்று. வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் வருஷத்துக்கு 208 குத்து. மூன்று தடவை போகிறவர்களுக்கு 312. மாத்திரையைக் கூட ஒரு வேளை மறக்கலாம். இதை மறக்க வழியில்லை.

களிம்பு இல்லாத நாட்களில் அந்த அறைக்குள் என்னென்னவோ வைத்தியம் நடக்கும். ஒருவர் மறு கையில் ஐஸ் கட்டியை வைத்து அழுத்திக்கொள்வார். குத்துகிற நொடியில் இருமச் சொல்வார் டெக்னீசியன். இருமினால் கொஞ்சம் குறைகிறது என்று பலரும் சொல்கிறார்கள். ஓர் அம்மா கண்ணை மூடி இளையராஜா பாட்டைக் காதில் மாட்டிக்கொள்வார். மரப்பு ஊசி போடலாமே என்று கேட்டால், அதுவும் ஓர் ஊசிதான், மருந்து இறங்கும்போது அதுவே எரியும். களிம்பு கிடைத்தாலும் அவசரத்துக்கு ஆகாது. ஒரு மணி நேரம் முன்னால் தடவி, மேலே பாலிதீன் தாளைச் சுற்றி, பிறகு சுத்தமாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்திரி ஒட்டாது. காலை முதல் பஸ்ஸில் வருகிற ஆள் பஸ்ஸிலேயே தடவிக்கொண்டால்தான் உண்டு.

எல்லோரும் கெஞ்சுவது இன்னொன்றுக்கு: “பழைய இடத்துலயே குத்துங்க.” ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே தோல் செத்துப் போயிருக்கும், வலி குறைவு. ஆனால் அப்படிக் குத்திய இடம் நாளடைவில் மெலிந்து, பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் நல்ல டெக்னீசியன் இடத்தை மாற்றி மாற்றித்தான் குத்துவார். புது இடம் என்றால் புது வலி. நோயாளி கேட்கிற தயவும் அவர் கைக்கு நல்லதும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. பெரியப்பா ஒருநாளும் பழைய இடத்தைக் கேட்டதில்லை. அதற்காக அவரைப் புகழ்வார்கள். எனக்கு இப்போது அந்தப் புகழ்ச்சியைக் கேட்டாலே பெருவிரல்தான் நினைவுக்கு வருகிறது.

இந்த விஷயத்தைத் தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. 1960-இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் நீண்டநாள் டயாலிசிஸை முதன்முதலாகச் சாத்தியமாக்கியபோது ஒவ்வொரு தடவையும் ஊசி குத்த வேண்டியிருக்கவில்லை. கையில் வெளியே தெரிகிறபடி ஒரு டெஃப்லான் குழாயை நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். வந்ததும் கழற்றி மெஷினில் மாட்டலாம். வலியில்லாதது, ஆனால் சீழ் பிடித்தது, அடைத்துக்கொண்டது. 1966-இல் நியூயார்க்கில் பிரெஷியாவும் சிமினோவும் தமனியையும் சிரையையும் தோலுக்கு அடியிலேயே இணைக்கிற ஃபிஸ்டுலா முறையை வெளியிட்டார்கள். அது கையையும் உயிரையும் காப்பாற்றியது. கூடவே ஊசியைக் கொண்டுவந்தது. ஆக, அந்த வலி மருத்துவம் தெரிந்தே வாங்கிக்கொண்ட ஒன்று. வாங்கிக்கொண்டவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர்.

இன்னொன்று. ஹாலந்தில் வில்லம் கோல்ஃப் தன் முதல் செயற்கைச் சிறுநீரகத்தில் நோயாளியைச் சேர்த்தது 1943-இல். ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்க்ரன் லிக்னோகெய்ன் என்கிற மரப்பு மருந்தை உருவாக்கியதும் அதே 1943-இல்தான். நம் ஆஸ்பத்திரிகளில் சைலோகெய்ன் என்பார்களே, அது. ஒரே வருஷம் பிறந்த இரண்டும் எண்பது வருஷம் கழித்தும் எங்கள் ஊர் யூனிட்டில் எப்போதாவதுதான் சந்தித்துக்கொள்கின்றன. மருந்து இல்லாமலில்லை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறது, பல் டாக்டரிடம் இருக்கிறது. ஒரே ஒரு பல்லைப் பிடுங்க மரப்பு ஊசி போடாமல் விடுவார்களா? ஒரு தடவை வருகிற வலிக்கு மருந்து உண்டு. திரும்பத் திரும்ப வருகிற வலிக்கு “பழகிடும்” என்கிற சொல்தான் உண்டு. நியாயப்படி இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வருகிற நாள் ஞாபகம் வருகிறது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் ஊசி போட்டுக்கொண்டு சிரித்தபடி திரும்பி, “ஒண்ணுமில்லலே, எறும்பு கடிச்ச மாதிரி” என்றான். அதனால் எனக்குக் கத்துகிற வாய்ப்பு போயிற்று. நானும் திரும்பி அடுத்தவனிடம் அதையே சொன்னேன். வரிசை முழுக்க எறும்புதான். கடைசியில் நின்ற ஒருவன் மட்டும் ஓவென்று அழுதான், வருஷம் பூராவும் அவனுக்கு அதுவே பட்டப்பெயர் ஆயிற்று. பொய் சொன்னது யார் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

கர்ணன் கதையை எங்கே படித்தேன் என்று நினைவில்லை, அம்புலிமாமாவாக இருக்கலாம். பரசுராமர் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறார். ஒரு வண்டு தொடையைத் துளைக்கிறது. குருவின் தூக்கம் கலையக் கூடாதென்று அசையாமல் இருக்கிறான். ரத்தம் பட்டுத்தான் அவர் எழுகிறார். சின்ன வயதில் எனக்கு அது குருபக்திக் கதை. இப்போது அதற்கடுத்த பகுதிதான் உறுத்துகிறது. ‘இவ்வளவு வலியைத் தாங்கினாய் என்றால் நீ பிராமணனாக இருக்க முடியாது’ என்று முடிவுகட்டிச் சபிக்கிறார். யாருக்காகத் தாங்கினானோ அவரே அந்தத் தாங்குதலை அவனுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்.

“அய்யா நல்லாத் தாங்குவாங்க” என்பதும் அதே சாட்சிதான். தாங்குகிறவருக்கு அடுத்த ட்யூபும் வராது. சிஸ்டரைக் குறை சொல்லவில்லை. ஒரு கைக்கு மட்டும் மருந்து வைத்திருப்பவர் யாரையாவது தாங்குகிறவர் என்று நம்பித்தான் ஆக வேண்டும். பற்றாக்குறைக்குப் பொறுமைசாலிகள் தேவைப்படுகிறார்கள். இது கொஞ்சம் கசப்பான வாக்கியம், தெரிகிறது.

ஆனால் வேறு பக்கமும் இருக்கிறது. பெரியப்பா ரிட்டயர்டு கண்டக்டர். கைக்குழந்தைக்காரி ஏறினால் தன் சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் நின்று டிக்கெட் கிழித்தவர். கையில் உப்பிய நரம்பும், ஒரு நாளைக்கு அளந்து குடிக்கிற தண்ணீரும், பிறத்தியார் துணையில்லாமல் வெளியே போக முடியாத நிலையுமாக இருக்கிற மனுஷனுக்கு இன்னொருவனுக்குக் கொடுக்க என்ன மிச்சமிருக்கிறது? ஒரு கைக்கான களிம்பு இருந்தது. அதைக் கொடுத்தார். அவர் விரல் மடங்கியதைப் பார்த்தேன் என்று நான் போய்ச் சொன்னால், வலியைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு அவர் கொடுத்ததைப் பிடுங்கியவன் ஆகிவிட மாட்டேனா? சொல்லாமல் இருந்தாலோ, மடியில் தூங்குகிற ஆளாகிவிடுகிறேன்.

இதில் ஒரு வேடிக்கை, களிம்பு தடவிய அந்தப் பையன் இரண்டாவது ஊசிக்கு “அம்மா!” என்று கத்தினான். களிம்பு மேல்தோலுக்குத்தான், பயத்துக்கு இல்லை. அவன் வலி பெரிதா, பெரியப்பாவின் வலி பெரிதா என்று அளக்க அங்கே எந்த மெஷினும் இல்லை.

மரப்பு மருந்தை யூனிட்டின் வழக்கமான பட்டியலிலேயே சேர்க்கக் கேட்டு ஒரு மனு கொடுக்கலாம் என்று அந்தப் பையனின் அம்மாவும் நானும் பேசியிருக்கிறோம். எழுத உட்கார்ந்தால் ‘இங்கு சிகிச்சை பெறும் நாங்கள் ஊசி வலி தாங்க முடியாமல்’ என்றுதான் முதல் வரி வருகிறது. வேறு மாதிரி எழுதினால் மேலே இருப்பவர்கள் அசைய மாட்டார்கள். அந்த வரிக்குக் கீழே பெரியப்பா கையெழுத்துப் போடுவாரா? போட மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அவர் பெயர் இல்லாமல் கொடுத்தால், ‘அவருக்கு ஒன்றும் இல்லையே’ என்று அவரையே உதாரணம் காட்டுவார்கள். போடச் சொல்லி அவரை வற்புறுத்த எனக்கு உரிமை உண்டா என்பதில் ஒருநாள் ஒரு பதிலும் மறுநாள் இன்னொரு பதிலுமாக இருக்கிறேன். மனு இன்னும் முதல் வரியிலேயே நிற்கிறது.