நீக்கக்கூடிய துன்பத்தைச் சுமப்பது ஸப்ராகுமா?

ஸப்ரு என்னும் பொறுமை முஃமினுடைய பெருஞ்செல்வம். நன்மை வந்தால் ஷுக்ரு செய்கிறான். தீமை வந்தால் ஸப்ரு செய்கிறான். இரண்டிலும் அவனுக்கு லாபமே. ஆனால் நல்ல நாணயம் புழங்கும் இடத்தில்தான் கள்ள நாணயமும் புழங்கும். சோம்பல், கூச்சம், அறியாமை ஆகியவை ஸப்ரு என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு நம் வீடுகளில் உலவுகின்றன. இதை ஒரு சிறு விஷயத்தை முன்வைத்து ஆராய்வோம். விஷயம் என்னவோ மூக்கு எரிச்சல்தான். அதில் அடங்கியுள்ள கேள்வியோ பெரிது.

குறட்டையோடு மூச்சுத் தடைபடும் நோய் உள்ளவர்களுக்கு, இரவில் முகத்தில் மாட்டிக்கொண்டு உறங்க ‘சிபேப்’ என்னும் காற்றுக் கருவியை மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். இன்று அது நம் மஹல்லாக்களிலும் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. மாட்டிய சில இரவுகளிலேயே சிலருக்கு மூக்கு வறண்டு எரிகிறது, தும்மல் வருகிறது, மூக்கு அடைத்துக்கொள்கிறது, காலையில் சளியோடு இரத்தக் கசிவும் காண்கிறது. அப்போது இரண்டு வகையான மனிதர்களை நாம் பார்க்கிறோம். ஒருவர் கருவியைத் துணியில் சுற்றிப் பீரோவின் மேல் வைத்துவிட்டு, “அல்லாஹ் கொடுத்த நோய், ஸப்ரு செய்துகொள்கிறேன்” என்கிறார். மற்றவர் எரிச்சலைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டே மாட்டுகிறார். மருத்துவரிடம் அதைச் சொல்வது ஸப்ருக்குக் குறைவு என்று கருதுகிறார். முதலாமவர் மருந்தை விட்டார். இரண்டாமவர் மருந்தைச் சார்ந்த சிறு வசதியை விட்டார். இருவரும் செய்வது ஸப்ருதானா?

நோயும் கருவியும்

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்வது இயல்பு. சிலருக்கு அந்தத் தளர்ச்சியால் மூச்சுப்பாதையே அடைபட்டுவிடுகிறது. குறட்டை திடீரென்று நிற்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி, சிலவேளை அதற்கு மேலும் மூச்சு வருவதில்லை. பிறகு திணறிக்கொண்டு மூச்சு மீள்கிறது. இடையில் உறக்கம் கலைந்தது அவருக்கே தெரியாது. ஒரு மணி நேரத்தில் இவ்வாறு 30 தடவையும் அதற்கு மேலும் நேர்ந்தால் நோய் கடுமையானது என்று மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். இந்நோய் பெண்களுக்கும் உண்டு; குறட்டையைச் சொல்ல வெட்கப்பட்டு அவர்கள் மறைத்துவிடுகிறார்கள்.

1980-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், மூக்கின் வழியே இடைவிடாமல் காற்றைச் செலுத்தினால் அந்த அழுத்தமே தொண்டையை மூடவிடாமல் தாங்கி நிற்கும் என்று கண்டார். 1981-ல் தம் சகாக்களோடு அதை ‘லான்செட்’ என்னும் மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். இன்றுள்ள கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்த அளவில் காற்றைச் செலுத்துகின்றன. இக்கருவி நோயை வேரோடு களைவதில்லை. மாட்டிய இரவுக்குத்தான் பலன். கழற்றிய இரவில் நோய் திரும்பிவிடும். ஆகவே எரிச்சலால் ஒருவர் அதைக் கழற்றி வைத்தால், அவர் விட்டது ஒரு வசதியை அல்ல, முழுச் சிகிச்சையையுமே.

விட்டால் என்ன என்று கேட்கலாம். பகலில் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. ஜும்ஆ பயானில் தலை சாய்கிறது. சுபுஹு பாங்கு காதில் விழுவதில்லை. இரத்தக் கொதிப்பு உயர்கிறது. இதயத்துக்குச் சுமை கூடுகிறது. வண்டி ஓட்டுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தால் அவர் உயிர் மட்டுமா போகும்?

மூக்கு ஏன் எரிகிறது?

அல்லாஹ் மூக்கை வெறும் துவாரமாகப் படைக்கவில்லை. வெளிக்காற்று எப்படி இருந்தாலும், அது நுரையீரலை அடைவதற்குள் உடலின் சூட்டுக்கு, அதாவது சுமார் 37 டிகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, ஈரம் நிறைந்ததாகிவிடுகிறது. இதில் பெரும்பகுதி வேலை மூக்கினுடையது. மூச்சை வெளிவிடும்போது அந்த ஈரத்தில் ஒரு பங்கை மூக்கு திரும்பப் பிடித்துக்கொள்கிறது. இந்த வரவு செலவு நாம் பிறந்த நாள் முதல் நடக்கிறது. ஒரு நாளும் நாம் இதற்கு ஷுக்ரு செய்ததில்லை.

கருவியை மாட்டி உறங்குபவர் வாயைத் திறந்துகொண்டால் இந்தக் கணக்குத் தவறிவிடுகிறது. காற்று மூக்கால் புகுந்து வாயால் வெளியேறிக்கொண்டே இருக்கும். மூக்குக்குச் செலவு மட்டும் உண்டு, வரவு இல்லை. உள்தோல் வறள்கிறது, வீங்குகிறது, அடைக்கிறது. மூக்கு அடைத்ததும் வாய் இன்னும் திறக்கிறது. ஏ.சி. அறையில் உறங்குபவர்களுக்கு இது கூடுதலாக நேரலாம், ஏ.சி. அறையின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. வளைகுடா நாடுகளில் தொழில் செய்யும் நம் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதற்காகவே கருவியோடு ஒரு சிறு தண்ணீர்த் தொட்டி வருகிறது. அது தண்ணீரை இளஞ்சூடாக்கிக் காற்றுக்கு ஈரம் ஏற்றுகிறது. ஈரத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் சிலவற்றில் 1 முதல் 5 வரை, சிலவற்றில் 1 முதல் 8 வரை எண்கள் உண்டு. எல்லாருக்கும் இது தேவைப்படும் என்பதில்லை. எரிச்சல் உள்ளவர் ஓர் எண் கூட்டி, இரண்டு மூன்று இரவு பார்த்து, பிறகு அடுத்த எண்ணுக்குப் போகலாம். குழாயில் நீர் தேங்கிக் களகளவென்று சத்தம் வந்தாலோ முகத்தில் துளி விழுந்தாலோ, அறையின் குளிருக்கு ஈரம் அதிகம் என்று பொருள். ஓர் எண் குறைக்கலாம், அல்லது ஏ.சி.யின் குளிரைத் தணிக்கலாம். குழாய்க்குத் துணியுறை போடலாம். கருவியைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்தால் தேங்கிய நீர் முகத்துக்கு வராது.

தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீரையே ஊற்ற வேண்டும். பரக்கத்தை நாடி ஜம்ஜம் தண்ணீரை ஊற்ற வேண்டாம். அதிலுள்ள தாதுஉப்புக்கள் தொட்டியில் படிந்துவிடும். ஜம்ஜமுடைய மரியாதை அதைக் குடிப்பதில் இருக்கிறது. பன்னீர், அத்தர், தைலம் எதையும் அதில் கலக்கக்கூடாது. காலையில் மீதமுள்ள நீரைக் கொட்டித் தொட்டியைக் கழுவி உலர்த்த வேண்டும். படுக்கை அறையில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகை வேண்டாம்.

மூடி தளர்ந்திருந்தால் காற்று ஒழுகி வறட்சி கூடும். மிக இறுக்கினால் தோல் புண்ணாகும். தாடியுள்ளவர்களுக்கு முகமூடி சரியாகப் படியாமல் போவதுண்டு. அதற்காக யாரும் தாடியைச் சிரைக்க வேண்டியதில்லை. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் வகையும் கிடைக்கிறது. வாய் திறப்பவர்களுக்கு வேறு வகை உண்டு. மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சொட்டு மருந்தை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னிலும் அதிகமாகும். இத்தனை செய்தும் எரிச்சல் தீராவிட்டாலோ, இரத்தம் அடிக்கடி வந்தாலோ மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

வணக்கமும் வேதனையும்

இனி நம் கேள்விக்கு வருவோம். வேதனை கூடினால் நன்மையும் கூடும் என்ற எண்ணம் பலர் உள்ளத்தில் வேரூன்றியிருக்கிறது. ஸஹாபாக்கள் காலத்திலேயே சிலருக்கு இந்த எண்ணம் வந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதைத் திருத்தினார்கள்.

முதியவர் ஒருவர் தம் இரு புதல்வர்களின் தோளில் சாய்ந்து தள்ளாடி நடப்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். நடந்தே செல்வதாக அவர் நேர்ச்சை செய்திருந்தார். இவர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற கருத்தைக் கூறி, அவரை வாகனத்தில் ஏறிச் செல்லும்படி பணித்தார்கள். அபூ இஸ்ராயீல் என்பவர் வெயிலில் நிற்பதாகவும், உட்காருவதில்லை, நிழலுக்கு ஒதுங்குவதில்லை, பேசுவதில்லை என்றும், நோன்பிருப்பதாகவும் நேர்ந்துகொண்டார். பேசவும், நிழலில் ஒதுங்கவும், உட்காரவும் சொன்ன நபி (ஸல்) அவர்கள், நோன்பை மட்டும் நிறைவு செய்யும்படி ஏவினார்கள். நோன்பிலும் கஷ்டம் உண்டு. வெயிலில் நிற்பதிலும் கஷ்டம் உண்டு. ஒன்று வணக்கத்தோடு சேர்ந்து வரும் கஷ்டம். மற்றது மனிதன் தானே இழுத்துப் போட்டுக்கொண்டது. முன்னதில் நன்மை இருக்கிறது. பின்னதில் வேதனை மட்டுமே இருக்கிறது. ஓர் எண்ணைத் திருப்பினால் தீரும் எரிச்சலை வேண்டுமென்றே சுமப்பது எந்த வகை என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் உண்டு, விரும்பினால் குணமடைய துஆச் செய்கிறேன் என்று இரண்டையும் அவர்கள் முன்வைக்கவில்லையா? அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்துகொள்ளவில்லையா? இது ஸஹீஹான ஹதீஸ்தான். மருந்து செய்வது சுன்னத்து என்பதே நம் ஷாபிஈ கித்தாபுகளின் கூற்று. எல்லா நிலையிலும் அது பர்ளு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஹதீஸை முடிவுவரை ஓத வேண்டும். பொறுத்துக்கொள்கிறேன் என்ற அப்பெண்மணி, நான் விழும்போது என் ஆடை விலகுகிறது, அது விலகாதிருக்க துஆச் செய்யுங்கள் என்று வேண்டினார். நபி (ஸல்) அவர்கள் துஆவும் செய்தார்கள். நோயைப் பொறுத்தார், நோயோடு ஒட்டிவந்த, நீக்கக்கூடிய துன்பத்தை நீக்கக் கேட்டார். அவ்வாறு கேட்டதால் அவருடைய ஸப்ரு குறைந்துவிடவில்லை. பொறுமையின் மிக உயர்ந்த உதாரணத்திலேயே இந்தப் பாடம் அமைந்திருக்கிறது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அப்பெண்மணி தேர்ந்தது தம் உடலைப் பொறுத்த விஷயம். பிறருடைய ஹக்கு கலந்த இடத்தில் அந்த உரிமை நமக்கு இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒருவர் சிகிச்சையை விட்டுவிட்டுப் பகலில் கண்ணயர்ந்தால், அவர் பணயம் வைப்பது பிறர் வீட்டுப் பிள்ளைகளை. மனைவி மக்களைக் காக்கும் பொறுப்புள்ளவருக்கும் இது பொருந்தும். உடல் அல்லாஹ்வின் அமானிதம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

அப்படியானால் ஸப்ருக்கு இங்கே இடமே இல்லையா? நிறைய உண்டு. முகத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு உறங்கப் பழகுவது ஸப்ரு. ஒவ்வொரு காலையும் சலிக்காமல் தொட்டியைக் கழுவுவது ஸப்ரு. ஓர் எண் கூட்டிப் பலன் இல்லை என்றதும் சினந்து எறிந்துவிடாமல், அடுத்த வழியை விசாரிப்பது ஸப்ரு. நீக்க முடிந்ததை நீக்கிய பிறகு மீதமிருக்கும் சிரமத்தை அல்லாஹ்வுக்காக ஏற்றுக்கொள்வது உயர்ந்த ஸப்ரு. வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. வாப்பாவின் முகமூடியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கக்கூடாது. பரிகாசத்துக்குப் பயந்து கருவியைக் கழற்றியவர்கள் உண்டு. இரவில் அவர் வாய் திறந்து உறங்குகிறாரா, காற்று ஒழுகுகிறதா என்பதைப் பக்கத்தில் இருப்பவரே கண்டு சொல்ல முடியும். அவ்வாறு சொல்வது ஒரு கித்மத்.

இரண்டு மஸ்அலாக்கள்

காலையில் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தால் ஹனபி மத்ஹபில் ஒளு முறியும். ஷாபிஈ மத்ஹபில் முறியாது. ஆனால் இரத்தம் நஜீஸ் ஆதலால் கழுவித் தொழ வேண்டும்.

நோன்பு காலத்தில், இரவில் இக்கருவியை எப்படிப் பயன்படுத்தினாலும் நோன்புக்குப் பாதகமில்லை. பகல் உறக்கத்தில் வெறும் காற்று மட்டும் செல்வதால் நோன்பு முறியாது. ஈரம் ஏற்றிய காற்றில் இக்கால ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே ஸஹருக்குப் பின் உறங்குபவர், மருத்துவர் அனுமதித்தால் ஈரத்தை நிறுத்திக்கொள்வது பேணுதலானது. மூக்குச் சொட்டு மருந்தைப் பகலில் தவிர்த்து, இப்தாருக்குப் பின்னும் ஸஹரிலும் போட்டுக்கொள்ளலாம். ஈரமில்லாமல் உறங்கவே இயலாத நோயாளி, கருவியைக் கழற்றித் தம் உயிருக்கு ஆபத்தைத் தேட வேண்டாம். உள்ளூர் ஆலிமிடம் தம் நிலையை விளக்கிக் கேட்கட்டும். அல்பகரா சூராவின் 185-ஆவது வசனத்தில் நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்த ரப்பு, அதே வசனத்தில் தான் இலகுவையே நாடுவதாகவும் அறிவிக்கிறான்.

அவன் இலகுவை நாடியிருக்க, அடியான் கஷ்டத்தைத் தேடி எடுத்து, அதற்கு ஸப்ரு என்று பெயரிடுவது அதபாகாது. தாங்க வேண்டியதைத் தாங்கும் பலத்தையும், நீக்க வேண்டியதை நீக்கும் முயற்சியையும், இரண்டையும் பிரித்தறியும் தெளிவையும் அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நோயாளிகளுக்கு நிம்மதியான உறக்கத்தையும், சுபுஹுக்கு எழும் தெம்பையும் அளிப்பானாக! ஆமீன்.