கொள்ளைநோய்க் காலத்திற் கானக நடை

தனக்குத் தீங்கு பயவாததெனத் தோன்றும் ஒரு செயலைப் பிறர்பொருட்டு ஒருவன் ஒழித்தல் வேண்டுமோ என்னும் வினாவை, அண்மைக்காலத்து நிகழ்ச்சியொன்றன்மேல் வைத்து ஈண்டு ஆராய்வாம்.

ஆஸ்திரேலிய மக்களுட் பலர் ஓய்வுநாட்களில் மூட்டை சுமந்து காட்டுவழி நடந்து மீளும் வழக்கமுடையர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா நோயை உலகளாவிய கொள்ளைநோயெனக் கூறிற்று. அம்மாதம் 31-ஆம் நாள் முதல் நியூ சௌத் வேல்ஸில் தக்க காரணமின்றி வெளிப்போதல் விலக்கப்பட்டது. உடற்பயிற்சியோ தக்க காரணங்களுள் ஒன்றாயிற்று. தாஸ்மேனியாவில் தேசியப் பூங்காக்களே அடைக்கப்பட்டன. மெல்போர்ன் நகரத்தார்க்கு அவ்வாண்டு ஆகஸ்டில் நாளொன்றுக்கு ஒரு மணிநேரமும், மனையினின்று 5 கிலோமீட்டரும் எல்லையாயின. விலக்கிய விதிக்கு அடங்குதல் கடன் என்பதில் ஐயமில்லை. ஆயின், ஒரு நோயின்பொருட்டு ஒரு நாட்டிலேயே விதி பலவாயினமையின், விதி விலக்காததெல்லாம் அறமாம் என்றல் பொருந்தாது.

"காடு திறந்த வெளி; ஆண்டு நோய் பற்றுதல் அரிது; சிறுமனையுள் அடைபட்டார் உளநோவும் ஒரு நோயன்றோ?" எனின், மெய்யே. அந்நடையை வெறுங் களியாட்டென்று இகழ்வார், அடைபட்டார் துன்பம் அறியாதாரேயாவர்.

ஆயினும், காட்டில் நடத்தல் வேறு. காட்டிற்குச் செல்லுதல் வேறு. சிட்னி நகரத்தார் நீலமலைகளிலுள்ள கட்டூம்பாவை அடைய ஏறக்குறைய 100 கிலோமீட்டர் செல்லல் வேண்டும். இடையே கடைகளும் கழிப்பிடங்களும் உள. அவற்றில் அவ்வூரார் பணிசெய்கின்றனர். இந்நோயோ குறி தோன்றுமுன்னரும் பிறரைப் பற்றும் இயல்பிற்று. ஆகலின், 'யான் நலமுடையேன்' என்னும் துணிபு சான்றாகாது.

இன்னும், செங்குத்தான பள்ளத்தில் ஒருவன் கால் ஒடிந்து வீழ்வனேல், பலர் நெருங்கி நின்று அவனைச் சுமத்தல் வேண்டும். அகன்று நிற்றல் ஆண்டு இயலாது. இடரை விரும்பியவன் ஒருவன், ஏற்பவர் பலர். தன் துணிவிற்குப் பிறரை விலைகொடுக்கச் செய்தல் ஆண்மையன்று.

"யான் ஒருவன் செல்வதால் என்னாம்?" எனின், அங்ஙனமே ஒவ்வொருவரும் கருதிச் செல்வரேல், தனிமை நாடிய ஒற்றையடிப் பாதையே சந்தையாய்விடும்.

ஆகலின் துணியப்படுவது இது: விதி இடந்தந்தவழி, மனைக்கு அணித்தாகிய பழகிய வழியில், தனித்தேனும் தன் வீட்டாரோடேனும் நடத்தல் தகும், சேய்மைக்கண் உள்ள அரிய வழிகளை அக்காலத்து ஒழித்தலே அறம். அணித்தே நடப்பாரைப் பழித்தலும் வேண்டா. சேய்மையை ஒழித்தார் இழப்பைச் சிறிதென்றலும் வேண்டா. இவ்விலக்கு காட்டின் குற்றம்பற்றியதன்று, காலம்பற்றியது. காரணம் நீங்கியவழி அதுவும் நீங்கும்.