தண்ணீருக்குக் கட்டுப்படாத தீட்டு

சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவர் வாசலைத் தாண்டுவதற்கு முன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். அன்று காலையில்தான் சோப்புப் போட்டுக் குளித்திருப்பார். உடம்பில் சொல்லும்படி அழுக்கு ஏதும் இருக்காது. ஆனாலும் அந்த முழுக்கைப் போடாமல் வீட்டுக்குள் நுழைய அவருக்கே மனம் வராது. தொழுகைக்கு முன் செய்யும் ஒளு, யூதர்களின் மிக்வே முழுக்கு, கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானம், கோயில் குளத்துப் படிக்கட்டு என்று ஏறத்தாழ எல்லா மதங்களும் மனிதனைத் தண்ணீருக்கு அருகே கொண்டுவந்து நிறுத்துகின்றன. அந்தத் தண்ணீர் கழுவுவது எதை? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால், எந்தத் தீட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்கவே கூடாது என்பதும் தெளிந்துவிடும்.

முன்னோர் வகுத்த சுகாதாரம்தான் இது என்ற விளக்கம் நம்மிடையே வெகு பிரபலம். கிருமியைக் கண்ணால் காணாத காலத்திலேயே அவர்கள் அதை உணர்ந்து, சடங்கு என்ற பெயரில் மக்களைக் குளிக்கவைத்தார்கள் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சடங்குகளின் விவரத்துக்குள் போனால் நிற்பதில்லை. ஒளு செய்யத் தண்ணீர் கிடைக்காவிட்டால் தயம்மும் செய்யலாம் என்கிறது இஸ்லாம்: சுத்தமான மண்ணில் உள்ளங்கைகளைப் பதித்து, முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ள வேண்டும். நோக்கம் அழுக்கு நீக்கம்தான் என்றால் மண்ணுக்கு அங்கே வேலையில்லை. மிக்வேயில் இன்னும் வெளிப்படை. முழுகுவதற்கு முன்பே நன்றாகக் குளித்து, தலை சீவி, நகத்தடியைக்கூடச் சுத்தம் செய்து, மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். அழுக்கு போன பிறகே அங்கே சடங்கு தொடங்குகிறது. கான்பூரின் தோல் பதனிடும் ஆலைக் கழிவு கங்கையில் கலப்பதை அறிந்தவர்களும் அதில் முழுகுகிறார்கள். நீர் மாசுபட்டிருப்பதை அவர்கள் மறுப்பதில்லை. புனிதம் அதனால் குறையாது என்றுதான் சொல்கிறார்கள். சுத்தம் வேறு, புனிதம் வேறு என்பது சடங்கு செய்கிறவர்களுக்கு எப்போதுமே தெரிந்த விஷயம்.

அப்படியானால் தீட்டு என்பது என்ன? மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்தார். எந்தப் பொருளும் தன்னளவில் அழுக்கல்ல. இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும்போதுதான் அது அழுக்காகிறது என்பது அவர் முடிவின் சாரம். தலையில் இருக்கும்வரை எண்ணெய் தடவிப் பூச்சூடிப் போற்றும் கூந்தல், ஒரு இழை சோற்றில் கிடந்தால் குமட்டுகிறது. தீட்டும் இப்படித்தான், ஒருவர் தற்காலிகமாகப் போய் நிற்கும் ஓர் இடம். சாவுக்குப் போனவர் இறந்தவரின் எல்லையைத் தொட்டுவிட்டு வருகிறார். முழுக்கு அவரை உயிருள்ளவர்களின் பக்கம் திருப்பிச் சேர்க்கிறது. திரும்பி வர வழி உண்டு என்பதே இந்தச் சடங்கின் உயிர். கழுவினால் போகும் என்று நம்புகிறவர்தான் கழுவுவார்.

இந்தத் தர்க்கம் முறிந்துபோன இடத்தைப் பார்க்க மகாராஷ்டிரத்தின் மகாத் நகருக்குப் போக வேண்டும். பொதுநிதியில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் நிறைவேற்றியது. மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனாலும் ஆடுமாடுகள் வாய்வைத்துக் குடித்த அந்தக் குளத்தை நெருங்க ‘தீண்டத்தகாதவர்’ எனப்பட்டோரால் முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் அவர்கள் ஊர்வலமாகச் சென்று அந்த நீரை அள்ளிக் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் மந்திரம் ஓதி, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து குளத்தைப் ‘புனிதப்படுத்தினார்கள்’. குளத்துக்கு வந்த தீட்டு ஒரே நாள் சடங்கில் போய்விடுகிறது. குடித்தவர் மேல் சுமத்திய தீட்டோ எந்த நீராலும் போவதில்லை. எதையும் தூய்மையாக்க வல்லது என்று நம்பப்படும் நீரே அவர் தொட்டால் தோற்றுப்போகிறது! நீரின் சக்தியை இதைவிட மோசமாக ஒரு நாத்திகர்கூட மறுத்திருக்க மாட்டார்.

தற்காலிகத் தீட்டெல்லாம் சரி என்று ஆகிவிடாதா, மாதந்தோறும் பெண்ணை ஒதுக்கிவைப்பதும் சில நாள் தீட்டுதானே என்று கேட்கலாம். சரியான மறுப்பு இது. தற்காலிகம் என்பது மட்டும் போதாது. சாவுத் தீட்டு ஆண், பெண், ஏழை, பணக்காரர் எல்லோர் மேலும் ஒருநாள் விழும். மாதவிலக்குத் தீட்டு மனிதரில் பாதிப்பேர் மேல் மட்டுமே திரும்பத் திரும்ப விழுகிறது. நேபாளத்தில் பெண்களைக் குடிசைக்கு விரட்டும் சௌபதி வழக்கத்தில் குளிராலும் புகையாலும் உயிர்கள் போயின. 2017இல் அதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. ஆக நிபந்தனை இரண்டு: தீட்டு கழியக்கூடியதாக இருக்க வேண்டும், யார் மேலும் வரக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

சடங்கையே தூக்கிப்போட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. பௌத்தப் பெண் துறவிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் புண்ணிகா என்ற அடிமைப் பெண் இதைக் கேட்டுவிட்டாள். எஜமானியின் அடிக்குப் பயந்து குளிரில் தண்ணீர் சுமப்பவள் அவள்; அதே குளிரில் பாவம் போக்க ஆற்றில் இறங்கி நடுங்குகிறார் ஒரு பிராமணர். நீர் பாவத்தைப் போக்குமென்றால் தவளையும் ஆமையும் முதலையும் அல்லவா சொர்க்கம் போகும் என்கிறாள். பாவத்தை அடித்துச்செல்லும் ஆறு புண்ணியத்தை மட்டும் விட்டுவைக்குமா என்றும் மடக்குகிறாள். பாவத்தைப் பொறுத்தவரை அவள் வாதம் அசைக்க முடியாதது. ஆனால் துக்கத்திலிருந்து அன்றாடத்துக்குத் திரும்ப உடம்புக்கு ஓர் அடையாளம் தேவைப்படுகிறது. அந்த அளவில் முழுக்குக்கு இடமுண்டு. அகத்தூய்மை மட்டும் போதும் என்கிறவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். தன் உள்ளம் தூயது என்று நம்பிக்கொண்டே பக்கத்துத் தெருக்காரரைத் தொடாமல் வாழ்ந்தவர்கள் ஏராளம். உள்ளத்தை யாரும் எட்டிப்பார்க்க முடியாது. நடத்தையைப் பார்க்க முடியும்.

மனிதக் கழிவை மனிதர் அகற்றும் வேலையை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அதன் பிறகும் சாக்கடைக் குழிக்குள் ஆட்கள் இறக்கப்படுகிறார்கள். ஊருக்குச் சுத்தத்தைக் கொடுத்துவிட்டு மேலே வருகிறவர் குளித்த பின்னும் அவருக்குத் தனி டம்ளரை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பகுத்தறிவு பேசக்கூடத் தேவையில்லை. அவர்களுடைய சாத்திரத்தையே எடுத்துக்காட்டலாம். குளித்தால் தீட்டு போகும் என்பது உண்மையானால், குளித்துவிட்டு நிற்கும் அவரிடம் தீட்டில்லை. போகாது என்றால், சாவு வீட்டிலிருந்து திரும்பி வாசலில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதிலும் அர்த்தமில்லை. இரண்டில் ஒன்றை அவர்கள் கைவிட்டே ஆக வேண்டும்.