கல்லின் பெயர்

வானத்திலே ஒரு கல் சுற்றுகிறது. அதற்குப் ‘போக்ஸன்’ என்று பெயர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே திரியும் குறுங்கோள்களில், உள்வட்டத்தைச் சேர்ந்தது. அகலம் சுமார் 8 கிலோமீட்டர். மூன்றேகால் வருஷத்துக்கு ஒரு தரம் சூரியனை வலம் வருகிறது. 1968-ல் ஸ்விட்ஸர்லாந்தில் பால் வைல்ட் என்பவர் அதைக் கண்டார். பெயரோ நம் நுங்கம்பாக்கத்தோடு சம்பந்தப்பட்டது. நார்மன் போக்ஸன், 1861 முதல் 1891-ல் இறக்கும்வரை, அங்கிருந்த வானாராய்ச்சி நிலையத்தில் இரவுகளைக் கழித்தவர். வந்த வருஷமே, ஏப்ரல் 17-ந் தேதி, ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து காணப்பட்ட முதல் குறுங்கோள் அது. ஆகவே ‘ஏஷியா’ என்று பெயர். கண்டவர் தம் பெயரையே சூட்டிக்கொள்வது அங்கே மரபல்ல. அது பிறர் கொடுத்து வரவேண்டும்.

ஒரு மாலை, திருவொற்றியூர்க் கடற்கரைக் கற்களின்மேல் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கேட்டார்:

“அந்தக் கல்லு இன்னாத்தத் தாங்குது சார்?”

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் உட்கார்ந்திருந்த கல் கடலைத் தாங்குகிறது. வடக்கே ஓடும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. ராயபுரம் தொடங்கி இங்கே கரை தேய்ந்தது. எஞ்சிய தெருக்களைக் காப்பவை இந்தக் கருங்கற்கள்தாம். எதற்கும் பெயரில்லை.

யோசித்துப் பார்த்தேன். போக்ஸனைத் தாங்குவது அந்தப் பாறையல்ல. 1856-ல் நட்சத்திர ஒளிக்கு அவர் வகுத்த அளவுகோல். ஐந்து படி வித்தியாசமென்றால் நூறு மடங்கு ஒளி என்ற அந்தக் கணக்கு இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கு ‘ஆர் ரெடிகுலி’ என்று பெயர். அவர் பெயர் அதில் இல்லை. அதனால் அவர் கண் விழித்த இரவு பொய்யாகிவிடுமா?

ஆகாது. வேலைக்குப் பெயர் வேண்டாம்தான். ஆனால் இதைச் சொல்லும் உரிமை உழைத்தவனுக்கு மட்டுமே உண்டு. பலனை அனுபவிக்கிறவன் சொன்னால் அது தத்துவமல்ல, நன்றி கெட்டதனம். உழைத்தவன் கேட்காமலிருக்கலாம்; நாம் விசாரிக்காமலிருக்கக் கூடாது.

இவ்வளவும் எழுதி, கீழே என் பெயரைப் போடும்போதுதான் ஞாபகம் வருகிறது: இந்தக் கட்டுரைக்குக் கேள்வி கொடுத்த அந்தப் பெரியவரின் பெயரை நான் கேட்கவே இல்லை.