வீரர் என்று சொல்லிவிட்ட பிறகு

தமிழில் ஆசிரியர் ஆசிரியர்தான், தாதி தாதிதான், லோரி ஓட்டுநர் ஓட்டுநர்தான். தீயணைப்பவருக்கு மட்டும், ராணுவத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது போல, பெயரிலேயே ‘வீரர்’ பட்டத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். மலாயில் அவர் ‘அங்கோத்தா பொம்பா’. பொம்பா உறுப்பினர், அவ்வளவுதான். பொம்பா என்ற சொல்லே போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பம்பு என்று பொருள். ஒரு மொழி கருவியைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது, இன்னொன்று குணத்தைப் பார்த்து. நம்முடையதுதான் பெரிய மரியாதை என்று தோன்றும். அந்த மரியாதைக்குள் நாம் தப்பித்துக்கொள்ளும் வழி ஒன்றும் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் ‘நான் ஒரு தீயணைப்பு வீரரானால்’ மாதிரி ஒரு கற்பனைக் கட்டுரையாவது எழுதியிருப்போம். சிவப்பு வண்டி, சைரன், ஏணி, மாடியில் அழும் குழந்தை, கடைசியில் கைத்தட்டல். 1987இல் பிரிட்டனில் தொடங்கிய ‘ஃபயர்மேன் சாம்’ தொலைக்காட்சித் தொடரும் ஏறக்குறைய இதே பாதைதான். போனவர் பத்திரமாகத் திரும்பி வருவார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு உலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் செய்தி, “நீ கூப்பிட்டா யாராவது வருவாங்க” என்பதுதான். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் பாட்டிக்கு அந்தச் செய்தி கிடைத்ததில்லை. பலகை வீடு, விறகடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு. “தீப்பிடிச்சா பக்கத்து வூட்டுக்காரங்கதான் நமக்கு பொம்பா” என்பார்.

பிரச்சினை, பெரியவர்களான பிறகும் நாம் அந்தக் கட்டுரையிலேயே நின்றுவிடுவதுதான். அதிலிருந்து என்னை வெளியே இழுத்த புத்தகம் ஸ்வெட்லானா அலெக்சியேவிச்சின் செர்னோபில் நூல். 1986 ஏப்ரல் 26 அதிகாலை அணு உலை வெடித்ததும் முதலில் போனவர்களில் ஒருவர் வசீலி இக்னாத்தென்கோ. சாதாரணத் தீ என்றுதான் அழைத்தார்கள். கதிர்வீச்சுக்கான கவசம் எதுவும் இல்லை. மூன்று வாரத்துக்குள் மாஸ்கோ மருத்துவமனையில் இறந்தார், வயது 25. நூலில் வரும் முதல் சாட்சியமே அவர் மனைவி லுத்மீலாவுடையது. பதக்கங்களைப் பற்றி அரசு பேசிக்கொள்ளட்டும். அவர் பேசுவது கணவனின் தோல், கட்டில், கடைசி நாட்கள் பற்றி. படித்து முடிக்கும்போது ‘வீரர்’ என்ற சொல் வாயில் வருவதில்லை. இவர்களிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்ற கேள்விதான் வருகிறது.

நம் நாட்டிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. 2018 அக்டோபர் 3 இரவு, பூச்சோங் தாமான் புத்ரா பெர்டானாவில் கைவிடப்பட்ட ஈயக்குட்டை ஒன்றில் விழுந்த 17 வயதுப் பையனைத் தேடி இறங்கிய ஆறு பொம்பா வீரர்கள் மூழ்கி இறந்தார்கள். ஆறு பேரும் ஒரே கயிற்றில் இணைந்திருந்தார்கள். வேகமான நீரோட்டம் அவர்களைச் சுழற்றிவிட்டது. தீயணைப்பு வீரர் என்கிறோம், அவர்களைக் கொன்றது தண்ணீர்.

ஈப்போக்காரனுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. கோப்பெங், பத்து காஜா, கம்பார் என்று கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க இதே மாதிரிக் குட்டைகள்தான். 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. தோண்டியவர்கள் போய்விட்டார்கள், குழி இருக்கிறது. நாமும் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் தூண்டில் போடுகிறோம்.

நான் பொறியியலாளன். பாதுகாப்புப் பயிற்சியில் எங்களுக்கு ஐந்து படிகள் சொல்லித் தருவார்கள். முதலில் ஆபத்தையே அகற்று. முடியாவிட்டால் ஆபத்து குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வை. அதுவும் முடியாவிட்டால் நடுவே தடுப்பு வை. பிறகு விதிமுறை, பயிற்சி. கடைசியாகத்தான் தலைக்கவசமும் கையுறையும். வீரம் என்று ஒரு படி அந்தப் பட்டியலில் கிடையாது. ஐந்தும் தோற்ற இடத்தில்தான் வீரம் தேவைப்படுகிறது.

“அப்போ அந்தப் பையனை அப்படியே விட்டுடலாமா?” என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. குட்டையை முன்பே மூடியிருக்க வேண்டும் என்பது, ஒரு பையன் தண்ணீருக்குள் இருக்கும் நிமிடத்தில் பதில் ஆகாது. அந்த நிமிடத்தில் யாரோ ஒருவர் இறங்கத்தான் வேண்டும். இறங்கியவர்களின் குணத்தை எந்தப் பட்டியலும் சிறிதாக்காது. ஆனால் இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தன் உயிரைக் கொடுக்கத் துணிவது அவர் உரிமை. அதை அவரிடம் எதிர்பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. ‘வீரர்’ என்ற பட்டம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. வீரர்தானே, போவார், வீரர்தானே, இறந்தால் சல்யூட் அடிப்போம். கணக்கு முடிந்தது.

தமிழர்கள் வீரனைக் கொண்டாடிய பழைய முறை இவ்வளவு சோம்பேறித்தனமானது இல்லை. செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில் வெறும் புகழ்ச்சி இருக்காது. எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய மாடுகள் கவரப்பட்டன, எந்தச் சண்டையில் இவன் பட்டான் என்று சுருக்கமாக எழுதியிருக்கும். சொல்லப்போனால் அது ஒரு விபத்து அறிக்கை. கும்பிடுகிறவன் காரணத்தையும் சேர்த்தே படிக்க வேண்டியிருந்தது.

தீயணைப்பு வீரர்களைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தமிழில் யாராவது எழுதினால், அந்தக் கல் மாதிரி எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். அவருடைய துணிச்சல் ஒரு வரி போதும். அந்தக் குழியை யார் தோண்டினார்கள், யார் மூடாமல் போனார்கள், எந்தக் கயிற்றைக் கொடுத்து இறக்கினார்கள் என்பதற்கு மிச்சப் பக்கங்கள் வேண்டும். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் ஏணியையும் கைத்தட்டலையும் வைத்துக்கொள்ளட்டும். கூப்பிட்டால் வருவார்கள் என்று நாம் சொன்னதை அந்தப் பிள்ளைகள் நம்பப்போகிறார்கள். வருகிறவர் திரும்பிப் போக வழி செய்து வைப்பது, அதைச் சொன்ன நம்முடைய வேலை.