கட்டியின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்!

தொடையில் ஒரு கட்டி. வலி இல்லை. அதனால்தான் அறுப்பு முடியட்டும், மில்லில் லீவு கிடைக்கட்டும் என்று நாள் கடத்துகிறோம். சோழபுரத்து அண்ணாச்சி, ராஜபாளையத்து அக்கா, உங்களிடம்தான் பேசுகிறேன். வலிக்கவில்லை என்று நம்பி உட்காராதீர்கள்! மென்திசு சார்கோமா பெரும்பாலும் வலிக்காமலேதான் வளரும்.

தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய் இவற்றில் பிறக்கும் புற்றுநோய் அது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அளவுதான். அத்தனை அரிது என்பதால், பார்க்கிற டாக்டருக்கே முதலில் கொழுப்புக்கட்டி என்று தோன்றலாம். ஆகவே நீங்கள் விழித்திருங்கள். எலுமிச்சம்பழ அளவை, அதாவது 5 செ.மீ.யைத் தாண்டிவிட்டதா? வளர்ந்துகொண்டே போகிறதா? தசைக்குள் ஆழமாக இருக்கிறதா? எடுத்த இடத்திலேயே மறுபடி வந்திருக்கிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் கிளம்புங்கள். பத்துப் போடாதீர்கள். எண்ணெய் தடவி உருவாதீர்கள். "சின்ன ஆபரேஷன்தான், இப்பவே எடுத்துடலாம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்.

முதலில் எம்ஆர்ஐ. அப்புறம் ஊசியால் துணுக்கு எடுத்து பயாப்சி. அதற்குப் பிறகுதான் கத்தி! என்னவென்று தெரியாமலே அறுத்தால் மிச்சச் செல்கள் உள்ளே தங்கும். அடுத்த ஆபரேஷன் முதலாவதைவிடப் பெரிதாகும். ஊசி குத்தினால் பரவும் என்று பயமுறுத்துவார்கள். பின்னால் அறுத்தெடுக்கப்போகும் பாதையைத் திட்டமிட்டே அந்த ஊசியைப் போடுகிறார்கள். பயத்தைத் தூக்கி எறியுங்கள்.

"காலை எடுத்துருவாங்களே" என்பதுதானே உங்கள் ராத்தூக்கத்தைக் கெடுக்கிறது? கேளுங்கள். 1975 முதல் 1981 வரை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கை, கால் சார்கோமா வந்த 43 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 16 பேருக்கு உறுப்பையே நீக்கினார்கள். 27 பேருக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இரு பக்கமும் கீமோ உண்டு. உறுப்பைக் காப்பாற்றிய 27 பேரில் நான்கு பேருக்கு அதே இடத்தில் கட்டி திரும்பியது உண்மை. ஆனால் உயிர்பிழைத்த விகிதத்தில் இரு பக்கத்துக்கும் வேறுபாடு இல்லை! 1982-ல் வெளிவந்த அந்த முடிவுக்குப் பிறகு, காலைக் காப்பாற்றுவதே முதல் முயற்சி ஆனது. இன்றும் சிலருக்குக் கால் போகலாம், பெரும்பாலானோருக்குப் போவதில்லை.

நம் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்த பேண்டேஜ் துணி கடல் கடந்து போய் யார் யார் காயத்தையோ கட்டுகிறது. ஊராரின் காயத்துக்குத் துணி நெய்யும் கை, தன் உடம்பின் கட்டிக்கு மட்டும் நடுங்கலாமா? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அழுது ஓயவில்லை. 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையே எழுப்பிவிட்டார். அந்தப் பிடிவாதத்தில் கொஞ்சம் உங்களுக்கும் வேண்டும்.

பயாப்சியில் சார்கோமா என்று வந்தால், டாக்டர் முன்னால் கைகட்டி நிற்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். என் சார்கோமா எந்த வகை? ஐம்பதுக்கும் மேல் வகைகள் உண்டு, மருந்தும் வகைக்கு வகை மாறும். எந்த கிரேடு, அதாவது எவ்வளவு வேகமானது? சார்கோமா பெரும்பாலும் முதலில் தாவுவது நுரையீரலுக்கு. நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தாயிற்றா? கதிர்வீச்சு ஆபரேஷனுக்கு முன்னாலா, பின்னாலா? சார்கோமா பார்த்துப் பழகிய குழு என் ரிப்போர்ட்டைப் பார்த்ததா? பதில் புரியவில்லையா, திரும்பக் கேளுங்கள். அது உங்கள் உரிமை!

பயாப்சி பிளாக், ஸ்லைடு, ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப் பையில் போடுங்கள். சார்கோமா பார்க்கும் டாக்டரைத் தேடி இந்த வாரமே மதுரைக்கு பஸ் ஏறுங்கள்!